ஸ்டுடியோ வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி

பேருந்து நிலையத்துக்கு எதிரே, டீக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில், மாடிப்படி ஏறிப் போகும் ஒரு போட்டோ ஸ்டுடியோ. தமிழ்நாட்டின் சிற்றூர்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். படிக்கட்டின் அடியில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். உள்ளே மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தை, பட்டமளிப்பு அங்கியில் ஓர் இளைஞர், ஜடை அலங்காரம் தெரியும்படி கண்ணாடி முன் நிற்கும் ஒரு சிறுமி. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். “இது நம்ம வாத்தியார் மகதானே?” என்று யாராவது கேட்பார்கள். ஸ்டுடியோவுக்கு அந்தக் கேள்வி போதும். படம் அழகாக இருந்தது ஒருபுறம் இருக்க, படத்தில் இருப்பவர் தெரிந்த முகமாக இருந்ததுதான் ஆளைப் படியேற வைத்தது.

அந்தப் பெட்டி இப்போது கைப்பேசிக்குள் போய்விட்டது. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று படமெடுத்துப் பிழைக்கும் ஒருவர், கேமரா வாங்கிய கையோடு இன்ஸ்டாகிராமில் கணக்கு தொடங்குகிறார். எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள், எந்த ரீல் ‘போச்சு’, எது ‘போகலை’ என்பதுதான் இந்தத் தொழிலில் இருப்பவர்களின் அன்றாடப் பேச்சு. இவ்வளவு உழைப்பும் நேரமும் கொட்டும் இந்த வேலை, தொழிலுக்கு உண்மையில் என்ன தருகிறது? இந்தக் கட்டுரை அதைத்தான் பார்க்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்பின் தெரியாதவரிடம் கல்யாணப் படத்தை விற்கும் வேலையைச் சமூக ஊடகம் அரைகுறையாகத்தான் செய்கிறது. தெரிந்தவர் ஒருவர் சொன்ன பெயரை, கேட்டவர் நம்பும்படி செய்கிற வேலையை மிக நன்றாகச் செய்கிறது. இந்த வேறுபாட்டை உணராதவர்கள் லட்சம் பார்வைகளை வைத்துக்கொண்டு ஒரு அட்வான்ஸுக்காகக் காத்திருக்கிறார்கள்.

பெட்டி இடம் மாறிய கதை

1850களிலேயே மதராஸில் புகைப்படச் சங்கம் ஒன்று இருந்தது. அதற்குப் பின் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள், படமெடுப்பது என்றால் ஒரு இடத்துக்குப் போவது என்றே பொருள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடித் தேடி மின்படிகளாக்கியிருக்கிறது. வரைந்த திரைச்சீலை, பூச்சாடி வைத்த முக்காலி, நாற்காலியில் கணவர், பக்கத்தில் நிற்கும் மனைவி. எடுத்தவரின் பெயர் பல படங்களில் அட்டையின் கீழ் ஓரத்தில் அச்சாகியிருக்கும். படம் எந்த வீட்டுச் சுவரில் தொங்கியதோ, அந்த வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் அந்தப் பெயரைப் படித்தார்கள். சமூக ஊடகம் வருவதற்கு வெகு காலம் முன்பே, ஒரு குடும்பத்தின் படம் இன்னொரு குடும்பத்துக்கு ஸ்டுடியோவைக் கொண்டு சேர்த்துக்கொண்டிருந்தது.

2010ஐ ஒட்டி, போஸ் கொடுக்கச் சொல்லாமல் இயல்பாக எடுப்பதைக் குறிக்கும் ‘கேண்டிட்’ என்ற சொல் கல்யாண வீடுகளுக்குள் நுழைந்தது. மேடையில் வரிசையாக ஏறி நின்று எடுத்துக்கொள்ளும் படங்களுக்கு ‘ட்ரெடிஷனல்’ என்று அப்போதுதான் பெயர் வந்தது. கேண்டிட் எடுக்க வந்தவர்களில் பலருக்குக் கடை கிடையாது. வாரம் முழுக்க மென்பொருள் அலுவலகத்தில் இருந்துவிட்டு, சனி ஞாயிறில் கேமராவைத் தூக்கியவர்கள் அவர்களில் கணிசம். அவர்களுக்கு ஃபேஸ்புக் பக்கம்தான் கடை. மணமக்களைப் படத்தில் ‘டேக்’ செய்துவிட்டால் இரு வீட்டு நண்பர்கள் அத்தனை பேருக்கும் படம் போய்ச் சேர்ந்தது, காசில்லாமல். கண்ணாடிப் பெட்டியின் பழைய சூத்திரம் அங்கே அப்படியே வேலை செய்தது.

2018 ஜனவரியில் ஃபேஸ்புக் தன் முறையை மாற்றியது. வணிகப் பக்கங்களின் பதிவுகளைவிட உறவினர், நண்பர்களின் பதிவுகளுக்கே இனி முதலிடம் என்று மார்க் சக்கர்பெர்க் அறிவித்தார். ஆண்டுக்கணக்கில் ‘லைக்’ சேர்த்து வைத்திருந்த பக்கங்களை எட்டிப் பார்ப்பவர் குறைந்தார்கள். வாடகைக் கட்டடத்தில் கடை வைத்தவர், வீட்டுக்காரர் வாசலை வேறு தெருப்பக்கம் திருப்பினால் எப்படித் திகைப்பாரோ அப்படித்தான் இதுவும்.

இன்ஸ்டாகிராமின் கதையும் இதேதான், வேகம்தான் கூடுதல். 2010இல் தொடங்கிய அதை 2012இல் ஃபேஸ்புக் 100 கோடி டாலருக்கு வாங்கியது. 2015 வரை சதுரப் படம் மட்டுமே போட முடிந்தது. நம் ஊர்க் கல்யாணக் குரூப் போட்டோவை, பெரியப்பா தொடங்கிக் கடைக்குட்டி வரை இருபத்தைந்து பேர் தோளுரசி நிற்பதை, சதுரத்துக்குள் எப்படி அடக்குவது? அதனால் குரூப் போட்டோ ஊடகத்துக்கு வரவே இல்லை. தனியாக நிற்கும் மணமகள், மருதாணிக் கை, நெற்றிச்சுட்டி ஆகியவைதான் வந்தன. வெளியே தெரியும் கல்யாணத்தின் முகமே இதனால் மாறியது என்று நினைக்கிறேன். 2016இல் ஜியோ வந்து இணையக் கட்டணம் சரிந்ததும் இந்தப் படங்கள் கிராமத்துக் கைப்பேசிகளுக்கும் போய்ச் சேர்ந்தன. 2017 டிசம்பரில் இத்தாலியில் நடந்த விராட் கோலி, அனுஷ்கா சர்மா திருமணப் படங்கள் பரவியபின், வெளிர் ரோஜா நிறத்தையும் மாலை வெயிலையும் கேட்டு வாடிக்கையாளர்கள் வரத் தொடங்கினார்கள்.

2020 ஜூன் 29 அன்று இந்தியா டிக்டாக்கைத் தடைசெய்தது. அடுத்த சில நாட்களிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸை இங்கே கொண்டுவந்தது. ஓராண்டு கழித்து, 2021 ஜூனில், இன்ஸ்டாகிராம் இனி வெறுமனே படம் பகிரும் செயலி இல்லை என்று அதன் தலைவர் ஆடம் மொசேரி வெளிப்படையாகச் சொன்னார். புகைப்படத்தை நம்பித் தொழில் செய்தவர்களுக்கு அது பெரிய அடி. 2022இல் உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தபின் அந்நிறுவனம் சில மாற்றங்களைத் திரும்பப் பெற்றது. அந்த ஆண்டில் வீடியோவை அளவுக்கு மீறித் தள்ளிவிட்டோம் என்று மொசேரியே பின்னர் ஒப்புக்கொண்டார். ஆனாலும் கல்யாண மண்டபத்தில் நடந்த மாற்றம் திரும்பவில்லை. இன்று கேண்டிட் ஒருவர், ட்ரெடிஷனல் ஒருவர், வீடியோ இருவர் என்று போகும் குழுவில், கைப்பேசியில் மட்டும் எடுக்க ஒருவரும் சேர்ந்துவிட்டார். தாலி கட்டிய அன்று மாலைக்குள் ரீல் வெளிவர வேண்டும் என்பதற்காகவே அவருக்குச் சம்பளம்.

யார் பார்க்கிறார், யார் பணம் கொடுக்கிறார்

மற்ற வியாபாரங்களுக்கான சமூக ஊடகப் பாடங்கள் கல்யாணப் படத்துக்குப் பொருந்தாமல் போகும் இடம் இதுதான். இங்கே வாடிக்கையாளர் ஒருவர் இல்லை. இருபத்தாறு வயது மணமகள் நிச்சயத்துக்கு முன்பிருந்தே ரீல்களைச் சேமித்து வைத்திருக்கிறாள். அட்வான்ஸ் கொடுப்பவர் அப்பா. நடுவில் அம்மா, போன வருஷம் தங்கை மகள் கல்யாணத்துக்கு எடுத்தவர் யார் என்று விசாரிக்கிறார். மாப்பிள்ளை வீட்டில் ஒரு மாமா, தனக்குத் தெரிந்த பையன் பாதி விலைக்கு எடுப்பான் என்கிறார். இத்தனை பேரையும் தாண்டித்தான் ஆர்டர் வருகிறது.

மகள் கேட்பது ஒன்று, அப்பா கேட்பது வேறு. மகளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் தற்செயலாகப் பதிந்த படங்கள் வேண்டும். அப்பாவுக்கு, வந்தவர் ஒருவர் விடாமல் மேடையில் நின்ற படம் வேண்டும். மொய் நோட்டில் பெயர் இருப்பதுபோல ஆல்பத்தில் முகம் இருக்க வேண்டும். பத்து வருஷம் கழித்து அந்த வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது புரட்டிப் பார்ப்பதற்கு அதுதான் கணக்கு. கடற்கரையில் மாலை வெயிலில் நிற்கும் ஜோடிகளை மட்டுமே அடுக்கிய பக்கத்தைப் பார்த்த அப்பாவுக்கு ஒரே கேள்விதான்: “இவர் சொந்தக்காரங்களை எல்லாம் எடுப்பாரா?” அதற்குப் பதில் சொல்லும் படங்கள், அதாவது பாட்டி காலில் விழும் பேரன், சீர்வரிசைத் தட்டு ஏந்தி வரும் அத்தைகள், பந்தியில் இலை போடும் சித்தப்பா, பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். இவை நிறையப் பார்வைகளை ஈட்டாமல் போகலாம். ஆர்டரை ஈட்டுகின்றன.

அப்பாவும் அம்மாவும் இருப்பது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில். வெளியூர் வழிகாட்டி நூல்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நம் ஊரில் கல்யாணப் படம் பயணம் செய்யும் பெரிய சாலை இதுவே. கல்யாணம் முடிந்த மறுநாள், உறவினர்கள் ஊருக்குத் திரும்பும் பேருந்திலும் ரயிலிலும் இருக்கும்போதே, இருபது முப்பது படங்கள் குடும்பக் குழுவுக்குப் போய்விட வேண்டும். ஆல்பம் வர மூன்று மாதம் ஆகலாம், பேச்சு சூடாக இருப்பது மூன்று நாள்தான். மறுநாள் அனுப்பும் அந்தப் படங்களில் மணமக்கள் மட்டும் இருந்தால் மணமக்கள் மட்டும் பகிர்வார்கள். கோவைச் சித்தி குடும்பம், மதுரை மாமா குடும்பம் என்று ஆளுக்கொரு நல்ல படம் இருந்தால் அவரவர் தம் முகப்புப் படமாக வைத்துக்கொள்வார்கள். மூலையில் சின்னதாக ஸ்டுடியோ பெயர். பழைய அட்டையின் கீழ் ஓரத்தில் அச்சான பெயர் செய்த அதே வேலை.

இதில் இரண்டு நுட்பங்கள் உண்டு. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும். 2023இல் வந்த ஹெச்டி வசதி ஓரளவு உதவுகிறது, டாக்குமென்டாக அனுப்பினால் தரம் குறையாது. ஆனால் பெரியவர்கள் டாக்குமென்டைத் திறக்கத் தடுமாறுவார்கள் என்பதால் கைப்பேசி அளவுக்குத் தாமே சிறிதாக்கி, கூர்மை பார்த்து அனுப்புவதே நல்லது. அடுத்து, ஸ்டேட்டஸ். ஒருவர் வைக்கும் ஸ்டேட்டஸ் மற்றவருக்குத் தெரிய இருவரும் ஒருவர் எண்ணை ஒருவர் சேமித்திருக்க வேண்டும். ஆயிரம் பேரின் எண் நம்மிடம் இருந்தும், அவர்கள் நம் எண்ணைச் சேமிக்காவிட்டால் பயனில்லை. படங்களை அனுப்பும்போதே “எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், மீதிப் படங்கள் இதிலிருந்துதான் வரும்” என்று கேட்கும் ஸ்டுடியோக்காரர், இருபத்துநான்கு மணி நேரம் நிற்கும் ஒரு கண்ணாடிப் பெட்டியை ஒவ்வொரு வீட்டிலும் வைத்துவிட்டு வருகிறார்.

பெயர் காதில் விழுந்த பிறகு மக்கள் செய்வது கூகுளில் தேடுவது. அங்கே நட்சத்திரங்களைவிட மதிப்புரையில் எழுதியிருப்பது முக்கியம். இந்தத் தொழிலில் அதிகம் கேட்கும் குறை படம் சரியில்லை என்பது இல்லை. ஆல்பம் வரவில்லை, போனை எடுப்பதில்லை என்பதுதான். குழந்தை பிறந்த பின் கல்யாண ஆல்பம் கைக்கு வந்த வீடுகள் எனக்குத் தெரியும். ஆகவே “சொன்ன தேதியில் கொடுத்தார்” என்ற ஒரு வரி, பத்து அழகான படங்களைவிட எடை கூடியது. ஆல்பத்தை ஒப்படைக்கும் நேரத்தில், வீட்டுக்கூடத்தில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து முதல் பக்கம் திருப்பும்போது, மதிப்புரை கேட்டால் மறுக்க மாட்டார்கள். அதற்குப் பரிசோ தள்ளுபடியோ கொடுப்பதைக் கூகுளின் விதி தடுக்கிறது, தடுக்காவிட்டாலும் செய்யக் கூடாதது.

யூடியூபைப் பற்றிச் சுருக்கமாக. 2020 ஊரடங்கில், ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்றிருந்த நாட்களில், நேரலை வழியாகத்தான் பல வீடுகள் கல்யாணம் பார்த்தன. அப்போது கற்ற வழக்கம் நிலைத்துவிட்டது. ரீல் ஒரு வாரத்தில் பார்வையிலிருந்து மறைந்துவிடும். யூடியூபில் ஒழுங்கான தலைப்போடு ஏற்றிய ஒரு வீடியோ பல ஆண்டுகள் தேடலில் வரும், வீட்டுத் தொலைக்காட்சியில் தாத்தா பாட்டியும் பார்ப்பார்கள்.

ஒரு குடும்பத்தில் முதலில் முடிவாவது மண்டபம். அதன் பிறகுதான் படக்காரர், மேக்கப், டெக்கரேஷன் எல்லாம். ஆகவே மண்டப மேலாளர் கைப்பேசியில் உங்கள் எண் இருக்கிறதா என்பது, எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்பதைவிடப் பெரிய கேள்வி. மண்டபத்தின் விளக்கு, மேடை, வாசல் ஆகியவற்றை நன்றாக எடுத்து மண்டபத்துக்கே அனுப்பிவைப்பவர்களுக்கு அங்கிருந்து ஆர்டர் வருகிறது. மேக்கப் கலைஞருக்கும் அப்படியே. 2021 அக்டோபர் முதல் இன்ஸ்டாகிராமில் ஒரே பதிவை இரண்டு கணக்குகள் சேர்ந்து போட முடிகிறது. மணமகளுக்கு அலங்காரம் செய்தவரோடு சேர்ந்து போட்ட படம் இரு பக்கத்து வாடிக்கையாளர்களுக்கும் தெரியும். இணையத்தில் ‘டேக்’ என்று சொல்வதெல்லாம் மண்டபத்தின் பின்கட்டில், ஒருவருக்கொருவர் காபி வாங்கிக் கொடுத்து வளர்த்த நட்பின் தொடர்ச்சிதான்.

ஆடியும் அல்காரிதமும்

செயலிகள் நாள்தோறும் தீனி கேட்கின்றன. கல்யாணங்கள் நாள்தோறும் நடப்பதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, புரட்டாசியிலும் பெரும்பாலானோர் வைப்பதில்லை. வைகாசியிலும் ஆவணியிலும் தையிலும் ஒரே நாளில் மூன்று ஆர்டர் வந்து, ஆள் கிடைக்காமல் அல்லாடுவார்கள். அந்த நாட்களில் தூக்கமே கிடையாது, பதிவு போட நேரம் ஏது? வேலை இல்லாத ஆடியில் நேரம் இருக்கிறது, புதுப் படம் இல்லை. இந்த முரண்பாட்டில் பலர் சோர்ந்துபோகிறார்கள்.

தை மாதத்துக் கல்யாணத்துக்குப் படக்காரரைத் தேடுவது பல வீடுகளில் ஆவணி, ஐப்பசியில் தொடங்குகிறது. ஆகவே ஆடிதான் உழுது வைக்கும் மாதம். வைகாசியில் எடுத்ததை முழுக்க அப்போதே கொட்டாமல், கொஞ்சம் ஒதுக்கி ஆடியில் போடுவது. ஆல்பம் தைக்கும், ஒட்டும் வேலையைக் காட்டுவது. ‘கால்ஷீட்’ எப்போது முன்பதிவு செய்ய வேண்டும், ஒரு நாள் எடுக்க எத்தனை ஆள் வேண்டும், மழை வந்தால் என்ன செய்வோம் என்று வீட்டார் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது எல்லாம் அந்த மாதத்து வேலை. இவற்றை நல்ல தமிழில், ஊர்ப் பெயரோடு, நலங்கு, பெண் அழைப்பு, நிக்காஹ், மோதிரம் மாற்றுதல் என்று சடங்கின் பெயரோடு எழுதினால் தேடுபவர் கண்ணில் படும். இன்ஸ்டாகிராமில் ஹேஷ்டேக்கைப் பின்தொடரும் வசதி 2024 டிசம்பரில் நீங்கிவிட்டது. 2025 ஜூலை முதல் தொழில்முறைக் கணக்குகளின் பொதுப் பதிவுகள் கூகுள் தேடலிலும் வரத் தொடங்கியுள்ளன. ஹேஷ்டேக்குகளை அடுக்குவதைவிட மூன்று தெளிவான வாக்கியங்கள் இப்போது பயன் தரும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சடங்கின் பெயரைச் சொல்வது வேறு, சாதிப் பெருமையைத் தலைப்பாக்குவது வேறு. ஒரு குறிப்பிட்ட சாதிப் பெயரையும் அதன் பெருமைப் பாட்டையும் வைத்து ரீல் போட்டால் அந்த வட்டத்தில் வேகமாகப் பரவுகிறது என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். கேமரா எல்லா வீட்டுக்கும் போகிற பொருள். அதைத் தூக்குகிறவர் ஒரு வீட்டுக் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றால், அடுத்த தெருக்காரர் தன் வீட்டுப் பெண் கல்யாணத்துக்கு எப்படி நம்பிக் கூப்பிடுவார்?

காசு கொடுத்துச் செய்யும் விளம்பரம் பற்றி எனக்குப் பெரிய உற்சாகம் இல்லை. ஊரையும் சுற்றளவையும் குறித்து, தட்டினால் வாட்ஸ்அப்பில் திறக்கும்படி விளம்பரம் செய்ய முடிகிறது. பிறந்தநாள், கைக்குழந்தைப் படம், பிரேம், பாஸ்போர்ட் படம்போல ஒருவரே சட்டென்று முடிவெடுக்கும் சிறிய வேலைகளுக்கு அது பலிக்கிறது. கல்யாணத்துக்கு வரும் விசாரிப்புகளில் பாதி “ரேட் எவ்வளவு?” என்பதோடு நின்றுவிடும். அண்மையில் நிச்சயமானவர்களைக் குறிவைக்கும் வசதி ஃபேஸ்புக் விளம்பரத்தில் நெடுங்காலம் இருந்துவந்தது. ஜாதகம் பார்த்து, தட்டு மாற்றி நிச்சயம் செய்யும் வீட்டில் எந்தப் பெண் அன்றே ஃபேஸ்புக்கில் தன் நிலையை மாற்றி எழுதுகிறாள்?

யாருடைய படம்

இந்தத் தொழிலில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், என்னை மிகவும் கவலைப்படுத்துவதும் இதுதான். தான் எடுத்த படம் தனக்கே சொந்தம் என்று பெரும்பாலான படக்காரர்கள் நம்புகிறார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 17ஆம் பிரிவு வேறு சொல்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். எடுத்தவர் தன் பெயரைக் கோரும் உரிமை 57ஆம் பிரிவில் தனியாக இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தைத் தன் பக்கத்தில் விளம்பரமாகப் போட, வீட்டாரின் எழுத்துபூர்வமான இசைவு வேண்டும். பல ஸ்டுடியோக்களின் அட்வான்ஸ் ரசீதில் இப்படி ஒரு வரிகூட இல்லை. ஒரு வீடு நீக்கச் சொன்னால் நீக்குவதைத் தவிர அவர்களுக்கு வழியில்லை.

பதிப்புரிமையைத் தாண்டி அந்தரங்கம் இருக்கிறது. தனிமனிதரின் வாழ்க்கை விவரங்களை இசைவின்றி வெளியிடக் கூடாது என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1994இல் நிலைநாட்டியது தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான். நக்கீரன் ஆசிரியர் தொடுத்த வழக்கு அது. 2017இல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. சட்டம் படிக்காதவருக்கும் இதன் பொருள் மண்டபத்திலேயே புரியும். மணமகள் சம்மதித்திருக்கலாம். கணவரை இழந்து ஓரமாக உட்கார்ந்திருக்கும் அத்தை, வேறு ஊரில் வேலை செய்வதைச் சொல்லாமல் வந்த தோழி, பிரிந்து வாழும் கணவனுக்குத் தன் இருப்பிடம் தெரியக் கூடாது என்றிருக்கும் ஒரு பெண், இவர்களிடம் யார் கேட்டார்கள்?

சாதி மறுத்து மணம் செய்துகொள்ளும் ஜோடிகள் விஷயத்தில் இது உயிர்ப் பிரச்சினை. உடுமலைப்பேட்டையில் 2016இல் பட்டப்பகலில் நடந்த ஆணவக் கொலையை மறக்காத மாநிலம் இது. பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஒரு கோவில் வாசலில் படமெடுத்துக்கொள்ளும் இருவரின் படம், இடப் பெயரோடு, அன்று மாலையே பொதுவில் போவது அவர்களைத் தேடுகிறவர்களுக்கு முகவரி கொடுப்பதாகும். இடத்தைக் குறிப்பிடாமல், வாரங்கள் கழித்து, கேட்டபின் மட்டும் என்பது இங்கே மாற்றமில்லாத விதியாக இருக்க வேண்டும்.

அடுத்து மஞ்சள் நீராட்டு விழா. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமி பூப்பெய்தியதைக் கொண்டாடும் விழாவை, சினிமாப் பாட்டோடு, மெதுவாக ஓடும் காட்சிகளோடு ரீலாக்கிப் பொதுவில் போடுவது இன்று சாதாரணமாகிவிட்டது. கீழே வரும் கருத்துகளை ஒருமுறை படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்கிறது, அவர்களின் தரவுக்குப் பெற்றோரின் இசைவைக் கேட்கிறது. பெற்றோர் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்கள். பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் போகும்போது அந்தப் படத்தை யாரோ எடுத்துக் காட்டுவார்கள், அப்போது அழப்போவது அவள். படமெடுக்கட்டும், ஆல்பம் செய்யட்டும், சொந்தக்காரர்களுக்கு அனுப்பட்டும். பொதுப் பக்கத்தில் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இதில் இழக்கும் பார்வைகள் இழக்க வேண்டிய பார்வைகளே.

பாட்டு பற்றியும் ஒரு சொல். கல்யாணத்தில் பாட்டு போடலாம், பதிப்புரிமை மீறல் இல்லை என்று சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்களிக்கிறது. அந்த விலக்கு மண்டபத்துக்குள் நடக்கும் விழாவுக்கு. அதே பாட்டை வைத்து ஸ்டுடியோ தன் விளம்பர ரீலைச் செய்வதற்கு அது பொருந்தாது. வணிகக் கணக்குகளுக்கு இன்ஸ்டாகிராமில் சினிமாப் பாட்டுகள் முழுதாகக் கிடைப்பதுமில்லை. அந்த வீட்டு நாதஸ்வரத்தையும் தவிலையும் அங்கேயே நன்றாக ஒலிப்பதிவு செய்து, வாசித்தவரின் ஒப்புதலோடும் பெயரோடும் போட்டால் ரீலுக்கு அந்த ஊரின் குரல் வரும்.

உள்ளது உள்ளபடி

பக்கத்தில் இருப்பதை நம்பித்தான் வீட்டார் பணம் கட்டுகிறார்கள். அதனால் அதில் பொய் இருந்தால் அது வெறும் அலங்காரப் பொய் இல்லை. பயிற்சிப் பட்டறையில் மாடலுக்கு முகூர்த்தப் பட்டு கட்டி, ஒருவர் விளக்கமைக்க இருபது பேர் எடுத்த படங்கள் இருபது பக்கங்களில் தங்கள் கல்யாண வேலைபோல வந்து நிற்கின்றன. அவசரத்தில் மேடையேறும் உறவினர் கூட்டத்துக்கு நடுவே, மஞ்சள் விளக்கும் நீல எல்இடி திரையும் கலந்த ஒளியில், ஐயர் கை மறைக்கும் அந்த ஒரு நொடியில் தாலியை எடுக்கத் தெரியுமா என்பதை அவை சொல்வதில்லை. ஒரு கல்யாணத்தை ஆரம்பம் முதல் கடைசி வரை முழுக்கக் காட்டத் தயாராக இருப்பவரை நம்பலாம். பத்து கல்யாணத்திலிருந்து பத்துப் படம் எடுத்துக் காட்டுவது எல்லோராலும் முடியும்.

இன்னொரு ஸ்டுடியோவுக்காக நாள் கூலிக்குப் போய் எடுத்த படங்களைத் தன் பக்கத்தில் போடலாமா என்பது ஓயாத சண்டை. எடுத்தவருக்குத் தன் திறமையைக் காட்ட வேண்டும், ஆர்டர் பிடித்தவருக்குத் தன் வாடிக்கையாளரை இழந்துவிடுவோமோ என்ற பயம். இரண்டும் நியாயமே. குறிப்பிட்ட எண்ணிக்கையில், ஸ்டுடியோவின் பெயரைச் சொல்லி, அவர்கள் வெளியிட்ட பிறகு போடலாம் என்று வேலைக்குப் போகும் முன்பே பேசிக்கொண்டவர்களுக்குள் சண்டை வந்து நான் பார்த்ததில்லை.

தோலின் நிறத்தைப் பேசாமல் இந்த ஆய்வு முழுமையாகாது. வெளுப்பாக்குவது எடிட்டிங்கில் முதல் வேலையாகவே இருக்கிறது. வீட்டாரே கேட்கிறார்கள் என்பது படக்காரர்களின் பதில். பல இடங்களில் உண்மையும் அதுதான். ஆனால் பக்கத்தில் இருக்கும் அத்தனை மணமகள்களும் ஒரே வெளிர் நிறத்தில் இருந்தால், கறுத்த பெண் ஒருத்தி அதைப் பார்த்து என்ன நினைப்பாள்? இவர் என்னை நானாக எடுக்க மாட்டார் என்றுதான். கருநிறத் தோலில் தங்கமும் அரக்குச் சிவப்பும் எப்படி ஒளிர்கின்றன என்பதை அறிந்து, அதற்கேற்ப ஒளியமைத்து, மாற்றாமல் போடும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பெண்கள் வருகிறார்கள். 2024 மே மாதம், ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனம் செயற்கை நுண்ணறிவால் செய்த படங்களுக்கு அடையாளம் ஒட்டத் தொடங்கியபோது, சிறு திருத்தம் செய்த உண்மைப் படங்களுக்கும் அது ஒட்டிக்கொண்டது. படக்காரர்கள் எதிர்த்தபின் ஜூலையில் அந்த அடையாளத்தின் வாசகம் மாறியது. முகத்தையே புதிதாகச் செய்யும் கருவிகள் கைக்கு வந்துவிட்ட நேரத்தில், எது திருத்தியது, எது திருத்தாதது என்று தாமே எழுதி வைப்பது ஒரு ஸ்டுடியோவின் பெயரைக் காக்கும்.

அந்தப் பழைய கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு சிறு பூட்டு உண்டு. “எங்க பொண்ணு படத்தை எடுத்துடுங்க, சம்பந்தம் பேச வர்றாங்க” என்று ஒரு அப்பா வந்து நின்றால் ஸ்டுடியோக்காரர் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்குவார். படத்தை உருவி அவர் கையிலேயே கொடுத்துவிடுவார். இன்று நீக்கினாலும் யாரோ எடுத்த ஸ்க்ரீன்ஷாட் எங்கோ இருக்கும். அதனால் சாவியைப் படம் போடும் முன்பே வீட்டார் கையில் கொடுக்க வேண்டியிருக்கிறது. அட்வான்ஸ் ரசீதின் பின்புறம் மூன்று கட்டங்கள் போதும்: எந்தப் படத்தையும் வெளியிட வேண்டாம், நாங்கள் பார்த்துச் சொன்ன படங்களை மட்டும் வெளியிடலாம், எல்லாவற்றையும் வெளியிடலாம். தமிழில், பெரிய எழுத்தில். கீழே அப்பாவின் கையெழுத்துக்கு ஒரு கோடு, அதற்குப் பக்கத்தில் மணமகளின் கையெழுத்துக்கு இன்னொரு கோடு.